பேட்டரியைக் குறை சொல்லுமுன்

பழைய படகை விலைக்கு வாங்குகிறவர் முதலில் கைவைப்பது பெரும்பாலும் பேட்டரியில்தான். விளக்கு மங்கி எரிந்தாலும், வயர்லெஸில் பேசத் தொடங்கியதும் அது அணைந்தாலும், ஸ்டார்ட்டர் ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுபோனாலும் பழி பேட்டரி மேல்தான் விழுகிறது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியது வாங்கி மாட்டுகிறார்கள். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பிறகு பழைய கதை. தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் புன்னைக்காயலில் தொடங்கி, தெற்கே மணப்பாடு, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி வரை ஃபைபர் வள்ளங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்குப் போய்வந்த தூத்துக்குடித் தோணிகளும் இன்று டீசல் எஞ்சினோடு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகின்றன. எஞ்சின் வந்தபோதே பேட்டரியும் ஒயர்களும் கூடவே வந்துவிட்டன. வள்ளமோ தோணியோ, பழைய படகில் மின்கோளாறு என்றால் முதல் சந்தேகம் இணைப்புகள் மேல் விழவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே நம்பகமான வழி, கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் எந்த இடத்தில் விழுகிறது என்று அளந்து பார்ப்பது.

கட்டுமரத்துக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. இன்றைய படகுக்கு அது உயிர்காப்புச் சாதனம். கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகின் பச்சை, சிவப்புப் பக்கவிளக்குகள் ஒரு கடல் மைல் தொலைவுக்கும், உச்சி விளக்கு இரண்டு கடல் மைல் தொலைவுக்கும் தெரியவேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் கொழும்புக்கும் கப்பல்கள் போகும் வழியில் இரவில் வலை விரிக்கிறவருக்கு இந்தத் தொலைவின் பொருள் சொல்லாமலே புரியும். 12 வோல்ட்டுக்கான இழை பல்புக்கு 10 வோல்ட் மட்டும் கிடைத்தால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறையும் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் ஏறக்குறையப் பாதி போய்விடும். இழையின் சூடு சற்றுக் குறைந்தாலும் ஒளி அதைவிட வேகமாகச் சரிகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரவில்லை என்பதே கரையில் எழுந்த பெரிய கூக்குரல். அதன்பின் இஸ்ரோ வடிவமைத்த, இருவழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. செயற்கைக்கோள் எவ்வளவு துல்லியமாக வேலை செய்தாலும், படகுக்குள் ஒயர் முனையில் மாட்டிய ஒரு களிம்பேறிய லக் அந்தச் செய்தியை நிறுத்திவிட முடியும்.

இணைப்புகள் மேல் முதலில் சந்தேகப்படச் சொல்வதற்குக் காரணம் உப்பு. தண்ணீர் தெறித்தால் துடைத்துவிடலாம், வெயிலில் காய்ந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நீர் காயும், உப்பு அங்கேயே தங்கும். தங்கிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே கசிந்து கரைசலாகிறது. கடல்நீரில் அதோடு மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். ஆற்று முகத்துவாரத்தைச் சுற்றி உப்பளங்கள் பரந்து கிடக்கும் ஊர்களில் இதை விளக்கவே வேண்டியதில்லை. உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் எளிதில் காய்ந்துபோகாது. அதன் கசப்புக்கும் ஈரத்துக்கும் காரணம் இந்த மக்னீசியம்தான். நம் கரையோரக் காற்று 33 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே கடல்நீர் ஒருமுறை தெறித்துக் காய்ந்த டெர்மினல், கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும், வருடம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப்படலத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதை வெயில் போக்காது. நல்ல தண்ணீரில் கழுவினால்தான் போகும்.

இந்த ஈரம் செம்பை என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு பழைய ஒயரின் முனையை வெட்டிப் பார்த்தால் போதும். லக் மாட்டிய இடத்தில் பச்சைக் களிம்பு பொடியாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு இறுக்கி மாட்டுவதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் உறையை ஓர் அங்குலம் சீவினால், உள்ளே செம்பு சிவப்பாக மின்னாமல் கரிபிடித்ததுபோல் கறுத்திருக்கும். இன்னும் ஓர் அங்குலம் சீவினாலும் கறுப்புதான். பல இழைகளை முறுக்கிய ஒயரில் இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகள் விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் உப்புநீரை உறைக்குள்ளேயே ஏற்றிவிடுகின்றன. குளோரைடு செம்போடு சேர்ந்து உண்டாகும் சேர்மம், ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் பச்சைக் களிம்பாக மாறி, குளோரைடில் ஒரு பகுதியைத் திரும்ப விட்டுவிடுகிறது; அது அடுத்த செம்பைத் தேடிப் போகிறது. கொஞ்சம் உப்பே நீண்டகாலம் அரித்துக்கொண்டிருக்கக் காரணம் இந்தச் சுழற்சி. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பில் நிலைமை இன்னும் மோசம். நம் ஊர்ச் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிகிறது. டேப் நெகிழ்ந்து, உப்பு ஈரத்தை வெளியே விடாமல் உள்ளே பொத்தி வைத்திருக்கும் பையாக மாறிவிடுகிறது.

இதோடு உலோகங்களுக்குள் நடக்கும் சண்டையும் சேர்கிறது. பேட்டரியின் முனை ஈயம், லக் செம்பு, போல்ட் இரும்பு. உப்பு ஈரம் மேலே படிந்ததும் இந்த மூன்றும் சேர்ந்து தாமே ஒரு சிறிய மின்கலமாகிவிடுகின்றன. அவற்றில் எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம் கரைகிறது. இந்த விதியைப் பாதுகாப்புக்குத் திருப்பிவிடலாம் என்று 1824இல் காட்டியவர் ஹம்ஃப்ரி டேவி. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பிணைத்து, செம்பு அரிக்காமல் அவை அரிக்கும்படி செய்தார். செம்பு தப்பியது, ஆனால் செம்பு கரைவது நின்றதும் அதன் நச்சும் நின்று, கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டன. நம் பக்கத்தில் காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலோர அரிப்பை ஆராயத் தனி நிலையங்கள் வைத்திருக்கிறது. உலோகத்தை நம் கரைக்காற்று எப்படித் தின்கிறது என்பது ஆய்வகம் வைத்துப் படிக்கவேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம் என்பதற்கு இதுவே சான்று.

இனி அளவைக்கு வருவோம். பழைய படகு வாங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான். விளக்கு எரியவில்லை, பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார், 12.6 வோல்ட் காட்டுகிறது. ஒயர் சரி, பல்புதான் போச்சு என்று முடிவுகட்டுகிறார். இது தவறான முடிவு. மல்டிமீட்டர் தன் வழியே விடும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒரு மைக்ரோஆம்பியர், அதாவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இணைப்பில் ஆயிரம் ஓம் தடை இருந்தாலும் அந்த மின்னோட்டத்தில் விழும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்தான். மீட்டரில் அது தெரியவே தெரியாது. ஓடாத நீருக்குக் குழாயின் அடைப்பு தெரியாது. மீட்டரின் ‘பீப்’ சத்தத்தைக் கேட்டு இணைப்பு சரி என்று சொல்வதிலும் இதே கோளாறு உண்டு. பெரும்பாலான மீட்டர்கள் இருபது, முப்பது ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். 12 வோல்ட் சுற்றில் இருபது ஓம் குறுக்கே நின்றால், என்ன கருவியை மாட்டினாலும் அரை ஆம்பியருக்குச் சற்று மேல்தான் போகும். அந்தச் சுற்றில் எந்தப் பம்பும் சுழலாது. ஆனால் மீட்டர் சந்தோஷமாகச் சத்தம் போடும்.

வி.எச்.எஃப். வயர்லெஸை எடுத்துக்கொண்டால் இந்த உண்மை முகத்தில் அறையும். 25 வாட் வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். பொத்தானை அழுத்திப் பேசும்போது ஐந்தரை ஆம்பியர் வரை இழுக்கும். வழியில் ஒரு கெட்டுப்போன லக் அரை ஓம் தடையாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கும்போது அந்த இடத்தில் விழுவது 0.2 வோல்ட், கருவிக்கு ஒன்றும் தெரியாது, திரை ஒளிரும், மற்ற படகுகளின் குரல் தெளிவாகக் கேட்கும். பேசத் தொடங்கியதும் 0.5 ஓமை 5.5 ஆம்பியரால் பெருக்கினால் 2.75 வோல்ட். பேட்டரியில் 12.5 இருந்தாலும் வயர்லெஸுக்கு எட்டுவது 9.75. இந்த அளவில் பல கருவிகள் அணைந்துவிடும். அழுத்திய விரலை எடுத்ததும் மின்னோட்டம் குறைந்து, மின்னழுத்தம் மீண்டு, கருவி ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொள்ளும். ‘செட் கெட்டுப்போச்சு’ என்று பழுதுபார்க்கக் கொடுத்தால் கடைக்காரர் மேசையில் அது நன்றாகவே பேசும். கெட்டது செட் இல்லை. கெட்டுப்போன அரை ஓம் படகிலேயே இருக்கிறது. அதோடு, பேசும் ஒவ்வொரு வினாடியும் அந்த லக்கில் 15 வாட் வெப்பம் உண்டாகிறது. சிறிய சால்டரிங் அயனின் சூடு அது. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ வைத்திருக்கும் ஃபைபர் படகுக்குள், யாரும் பார்க்காத மூலையில் அந்தச் சூடு எரிகிறது.

கண்டுபிடிக்கும் முறை எளிது. கருவியை ஓடவிடுங்கள், விளக்கென்றால் எரியவிடுங்கள், பம்பென்றால் நீரில் சுழலவிடுங்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையில் குத்துங்கள். அந்த முனையைக் கவ்வும் கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் ஈயத்துக்கும் நடுவே உள்ள கோளாறு தப்பிவிடும். மற்ற முனையைக் கருவியின் பாசிட்டிவில் வையுங்கள். இரண்டும் ஒரே கம்பியின் இரு நுனிகள் என்பதால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டவேண்டும். எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு வழியில் தொலைகிறது. பிறகு இதையே நெகட்டிவ் பக்கத்திலும் செய்யுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த நெகட்டிவைத்தான். கருவிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் திரும்பி வருவது அந்த வழியாகத்தான் என்பதை மறந்துவிடுகிறோம். எல்லாக் கருவிகளின் நெகட்டிவும் ஒரே போல்ட்டில் சேர்ந்திருக்கும் படகில் அந்த ஒரு போல்ட் களிம்பேறினால் விளக்கைப் போட்டதும் ஜி.பி.எஸ். அணையும், பம்பு ஓடினால் விளக்கு சிமிட்டும். பேய் பிடித்ததுபோல் தோன்றும் கோளாறுகளில் பல இப்படிப்பட்டவை. அமெரிக்கப் படகுத் தர விதிகள் வழிகாட்டு விளக்கு போன்ற முக்கியச் சுற்றுகளில், போகவரும் வழி இரண்டும் சேர்த்து, 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்கின்றன. 12 வோல்ட்டில் அது 0.36. அதைத் தாண்டினால் வழியின் நடுவில் உள்ள ஓர் இணைப்பில் முனையை வைத்து, இழப்பு முதல் பாதியிலா இரண்டாம் பாதியிலா என்று பாருங்கள். அகப்பட்ட பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். எட்டு இணைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் குற்றவாளியைப் பிடிக்க மூன்று அளவை போதும். ஒன்றையும் கழற்றவேண்டாம், ஒன்றையும் வாங்கவேண்டாம்.

பேட்டரி உண்மையாகவே கெட்டுப்போவதில்லையா என்று கேட்கலாம். கெட்டுப்போகிறது, அதுவும் நம் ஊரில் சீக்கிரமாகவே. பேட்டரியின் வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது ஈய-அமில பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் கிடக்கும் பேட்டரியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதையும் அளந்தே சொல்ல முடியும். சில மணி நேரம் சும்மா விட்டபின் 12.6, 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.9க்குக் கீழே என்றால் காலி. நிறையச் சார்ஜ் ஏற்றியபின் ஸ்டார்ட்டரை இயக்கும்போது ஈய முனையிலேயே 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் பழிபோடலாம். ஈய முனையில் 11 நின்று, ஸ்டார்ட்டரின் முனையில் 8 என்றால் பேட்டரி குற்றமற்றது. இன்னொன்றும் உண்டு. கெட்டுப்போன பேட்டரிகளில் பலவற்றைக் கெடுத்ததே இணைப்புதான். எஞ்சினின் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்து, வழியில் 0.7 தொலைந்தால் பேட்டரிக்கு எட்டுவது 13.5. சார்ஜ் ஏற ஏற மின்னோட்டம் குறைந்து இந்த இழப்பும் குறையும் என்பது உண்மை; ஆனால் அதற்குப் பல மணி நேரம் எஞ்சின் ஓடவேண்டும். போய்வரக் கொஞ்ச நேரமே ஓடும் படகில் பேட்டரி என்றுமே நிறைவதில்லை. அரைகுறையாகக் கிடக்கும் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பேட்டரி உள்ளிருந்தே செத்துப்போகிறது. புதிய பேட்டரி வாங்கி மாட்டினால் அதற்கும் அதே சாவுதான். பேட்டரியைத் தினமும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் போடும் வள்ளங்களில் கிளாம்ப் மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றியே தேய்கிறது. அங்கே முதல் அளவையை ஈய முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே எடுப்பது நல்லது.

எதற்கு இத்தனை அளவை, பழைய ஒயரையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. சீவச் சீவக் கறுப்பு முடியாத ஒயரை மாற்றத்தான் வேண்டும்; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கரையில் நடக்கும் மாற்றம் பெரும்பாலும் வீட்டு ஒயரை வாங்கி, முனையை முறுக்கி, டேப் சுற்றுவதாகவே முடிகிறது. அது புதிய கோளாறு. வீட்டில் 230 வோல்ட். ஒயரில் ஒன்றரை வோல்ட் தொலைந்தால் ஒரு சதவீதம்கூட இல்லை, யாருக்கும் தெரியாது. படகில் 12 வோல்ட். அதே ஒன்றரை வோல்ட் எட்டில் ஒரு பங்கு. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயரில் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் பம்புக்குப் பத்து ஆம்பியர் அனுப்பினால், போகவர இருபது மீட்டருக்கு 0.14 ஓம் தடை, 1.4 வோல்ட் தொலைகிறது. கடையிலிருந்து அப்போதுதான் வந்த ஒயரிலேயே இந்த இழப்பு. வீட்டு வயரிங்கில் தேர்ந்த கைகூடப் படகில் தவறுவது இதனால்தான். படகுக்கு வேண்டியது வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு ஒயர், நீளத்துக்கும் ஆம்பியருக்கும் ஏற்ற தடிமன், அழுத்திக் கடிக்கவைத்த வெள்ளீயப் பூச்சு லக், அதன் மேல் உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழல். பற்றவைத்தால் போதாதா என்றால், ஈயம் ஊறிய இடத்தில் ஒயர் விறைத்துவிடுகிறது. அலையின் குலுக்கலில் அந்த விறைத்த எல்லையில்தான் இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன.

இப்போது எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டதே என்பார்கள். நல்ல மாற்றம்தான். ஆம்பியர் குறைந்ததால் இழப்பும் குறைகிறது. ஆனால் தரமான எல்.இ.டி. விளக்குகளில் பலவற்றுக்குள் மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சுற்று இருக்கிறது. 12 கிடைத்தாலும் 10.5 கிடைத்தாலும் ஒரே வெளிச்சம் தரும். பழைய பல்பு மங்கி எச்சரித்த இடத்தில் இது எச்சரிக்காமல் எரிந்துகொண்டிருந்து, தாங்கமுடியாத அளவு வந்ததும் ஒரேயடியாக அணைகிறது. விளக்கைப் பார்த்து ஒயரின் நலத்தைச் சொல்லும் காலம் போய்விட்டது. அளந்து பார்க்கவேண்டிய தேவை கூடியிருக்கிறது.

அனுபவமுள்ள மெக்கானிக்குக் கையே மீட்டர் என்பதை நான் மதிக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சுற்றில் டெர்மினல்களைத் தொட்டுச் சூடாயிருப்பதைப் பிடிப்பவர், தடை உண்டாக்கும் வெப்பத்தைத்தான் அளக்கிறார். அது சரியான அறிவியல். ஆனால் கை உணரக்கூடிய சூடு வருவதற்குக் கோளாறு முற்றியிருக்கவேண்டும். ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கை காட்டாது, சில நூறு ரூபாய் மீட்டர் காட்டும். ஒரு பேட்டரியும் இரண்டு விளக்கும் ஜி.பி.எஸ்.ஸும் மட்டும் உள்ள சின்ன வள்ளத்துக்கு இதெல்லாம் மிகை என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சின்ன வள்ளத்தில் ஒன்று போனால் இன்னொன்று இல்லை. அளக்கவேண்டிய இணைப்புகளும் குறைவு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதுவரை பார்த்தது மின்சாரம் போகவேண்டிய இடத்துக்குப் போகாத கதை. போகக்கூடாத இடத்துக்குப் போகும் கதையும் உண்டு. படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பின் ஒயர் இணைப்பு அந்த நீரிலேயே கிடப்பதைப் பழைய படகுகளில் காணலாம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். உறை கிழிந்த பாசிட்டிவிலிருந்து ஓயாமல் கசியும். எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி நடுவே ஆம்பியர் மீட்டரை வைத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு என்றால் அற்பமாகத் தோன்றும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் 24 மணி நேரமும் 0.1 ஆம்பியர் கசிந்தால் 146 ஆம்பியர்-மணி. நூறு ஆம்பியர்-மணி பேட்டரியை முழுதாகக் காலிசெய்து மிச்சமும் வேண்டும். தடை முடிந்து படகை எடுக்கும்போது செத்துக்கிடக்கும் பேட்டரிக்கு வயதே காரணம் என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். கசிந்த மின்சாரம் எதையாவது அரிக்காமலும் போவதில்லை. பேட்டரியின் நூறு ஆம்பியர்-மணியும் ஓர் இரும்புத் துண்டிலிருந்து நீருக்குள் இறங்குமானால், ஃபாரடேயின் விதிப்படி நூறு கிராமுக்குச் சற்று மேல் இரும்பு கரைந்துபோகும். உலோகங்கள் தமக்குள் போடும் சண்டையைவிட, பேட்டரி பின்னால் நின்று தள்ளும் இந்த அரிப்பு பன்மடங்கு வேகமானது.

ஆற்றில் கட்டிக்கிடந்த படகு, உப்பு படவில்லை என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். நன்னீரைவிடக் கடல்நீர் நூறு மடங்குக்கும் மேல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் முகத்துவாரம் என்பது ஒரே நீர் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுநீர் தள்ளிக்கொண்டு வரும். ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி வரும் நன்னீர் குறைந்த மாதங்களில் கடல் உள்ளே ஏறிவரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரையுடைத்து ஓடியதை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. அந்த வெள்ளத்தில் மூழ்கி எழுந்த எதிலும் உப்பு குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் வண்டலும் ஈரமும் ஸ்விட்சுக்குள்ளும் ஒயர் உறைக்குள்ளும் புகுந்து தங்கியிருக்கும். ஆற்றங்கரை ஊர்களில் பழைய படகோ எஞ்சினோ வாங்குகிறவர், அந்த நாட்களில் அது எங்கே இருந்தது என்று கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

பேட்டரியிலிருந்து புறப்படும் பாசிட்டிவ் ஒயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் அது ஆபத்தில்லாதது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. நல்ல எஞ்சின் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும்; ஒயர் நொடியில் பழுத்துச் சிவந்துவிடும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவைத்திருந்தால் அந்தப் படகின் மற்ற இணைப்புகள் எப்படி இருக்கும் என்பதை ஊகிக்கக்கூடத் தேவையில்லை.

எனவே படகு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையில் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். எல்லா விளக்கையும் பம்பையும் ஒன்றாக ஓடவிடச் சொல்லுங்கள், வயர்லெஸில் பேசிக்காட்டச் சொல்லுங்கள், எஞ்சினை ஓட்டிப் பேட்டரி முனையில் 13.8க்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். மல்டிமீட்டரை மறக்காமல் எடுத்துப்போங்கள். நெகட்டிவ் பக்கத்தையும் அளந்துவிடுங்கள்.